உல்லாசப் பயணத்தில் நேர்ந்த விபத்து!
சக்கர நாற்காலியில் அமர்ந்து ரண சிகிச்சை செய்த பெண் டாக்டர்

பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை விட்டால் போதும். சுவாமிமலைத் தெருக்களில் வெளியூர் வேன்கள் வந்து நிற்கத் தொடங்கிவிடும்.

முருகன் கோயிலின் 60 படிகளையும் ஏறி சுவாமிநாதனைத் தரிசிக்க வரும் குடும்பங்கள் ஒரு பக்கம். பூண்டி மாதா கோயிலுக்குப் போய்விட்டு, வேளாங்கண்ணிக்குப் போகும் வழியில் இறங்கும் கிறிஸ்தவக் குடும்பங்கள் இன்னொரு பக்கம். தாத்தா, பாட்டி, பெரியப்பா, சித்தி, அத்தை, பிள்ளைகள் என்று ஒரே வேனில் பதினைந்து பேர், இருபது பேர் இருப்பார்கள். புளியோதரைப் பொட்டலமும் தண்ணீர்க் குடமும் கூடவே வரும்.

அவர்களில் பலர், புறப்படுவதற்கு முன் சிற்பக் கூடம் ஒன்றையும் எட்டிப் பார்ப்பார்கள். சுவாமிமலைச் சிற்பிகள் செய்யும் ஐம்பொன் சிலைகள் உலகப் புகழ் பெற்றவை அல்லவா?

சிலை எப்படிப் பிறக்கிறது தெரியுமா? முதலில் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து, மெழுகிலே ஓர் உருவம் செய்கிறார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி உலர்த்துகிறார்கள். பிறகு நெருப்பில் காட்டுகிறார்கள். உள்ளே இருந்த மெழுகு உருகி, வெளியே ஓடிவிடுகிறது. பார்த்துப் பார்த்துச் செய்த உருவம் போய்விட்டது! மண் கூட்டுக்குள் வெற்றிடம்தான் மிச்சம். அந்த வெற்றிடத்தில்தான் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். நூறு தலைமுறைக்கும் நிற்கக்கூடிய சிலை அதிலிருந்து வருகிறது.

மனித வாழ்க்கையிலும் இப்படி நடப்பதுண்டா? உண்டு. உல்லாசப் பயணம் புறப்பட்ட ஓர் இளம் பெண் டாக்டரின் வாழ்க்கையில் அப்படித்தான் நடந்தது. அவர் பெயர் மேரி வர்கீஸ்.

எட்டுப் பிள்ளைகளில் ஏழாவது

கொச்சி நகரத்துக்கு எதிரே வைப்பீன் என்று ஒரு தீவு இருக்கிறது. ஒரு பக்கம் கடல். மறு பக்கம் காயல். எங்கு பார்த்தாலும் தென்னை. அந்தத் தீவில் உள்ள ஊர் செறாயி. அங்கே 1925-ஆம் ஆண்டில் பிறந்தார் மேரி.

அது நிலபுலன்கள் உள்ள பெரிய கிறிஸ்தவக் குடும்பம். மேரியின் தந்தை ஊரில் மதிப்புள்ளவர். தேவாலயக் காரியங்களில் முன்னிற்பவர். அவருக்கு எட்டுப் பிள்ளைகள். மேரி ஏழாவது.

பெண்களுக்குப் பள்ளிப் படிப்பே போதும் என்று பலர் நினைத்த காலம் அது. மேரியோ கல்லூரிக்குப் போனார். டாக்டர் ஆக வேண்டும் என்பது அவருடைய ஆசை. 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

அந்தக் கல்லூரியை உண்டாக்கியவர் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்க மாது. 1918-இல் பெண்களுக்கென்றே அங்கு வைத்தியப் படிப்பைத் தொடங்கினார். ஆண் டாக்டர்களிடம் போக மறுத்துப் பிரசவத்தில் மாண்டுபோன பெண்களை அவர் கண்ணால் பார்த்தவர். அந்தத் துயரத்திலிருந்து பிறந்த கல்லூரி அது.

மேரியும் பெண்களுக்கான வைத்தியத்திலேயே தேர்ச்சி பெற விரும்பினார். பிரசவம் பார்க்க வேண்டும், தாயையும் சேயையும் காப்பாற்ற வேண்டும் என்பது அவர் கண்ட கனவு. பட்டம் பெற்று, அதே ஆஸ்பத்திரியில் வேலையும் பார்க்கத் தொடங்கினார்.

அந்தச் சனிக்கிழமை

1954-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் தேதி. சனிக்கிழமை.

ஆஸ்பத்திரியின் இளம் டாக்டர்கள் சிலர் சேர்ந்து உல்லாசப் பயணம் போகத் தீர்மானித்தார்கள். இரவும் பகலும் நோயாளிகளோடு இருப்பவர்களுக்கு ஒரு நாள் ஓய்வு கிடைத்தால் எவ்வளவு மகிழ்ச்சி இருக்கும்! எல்லாரும் ஒரே வண்டியில் ஏறிக்கொண்டார்கள். பேச்சும் சிரிப்புமாக வண்டி புறப்பட்டது.

முன்னே ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது. அதை முந்திச் செல்ல வண்டி ஒதுங்கியது. அடுத்த கணம் வண்டி நிலை தவறியது, உருண்டு கவிழ்ந்தது!

காலையில் நோயாளிகளுக்குக் கட்டுப் போட்ட டாக்டர்கள், இப்போது தாங்களே நோயாளிகளாக ஆஸ்பத்திரிக்குத் திரும்பினார்கள். அவர்களில் மேரிக்குத்தான் மிகப் பெரிய அடி. முகத்தில் காயம். அதைவிடக் கொடுமை, முதுகெலும்பில் பட்ட அடி.

உயிர் தப்பியது. ஆனால் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கால்கள் அசையவில்லை. அப்போது அவருக்கு வயது 28.

முதுகுக்குள் ஓடும் வடம்

முதுகெலும்பு என்பது ஒரே எலும்பு அல்ல. பல சிறிய எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அந்த அடுக்கின் நடுவே ஒரு குழாய் போன்ற வழி. அதற்குள் சுண்டுவிரல் கனத்தில் ஒரு நரம்புக் கற்றை இறங்குகிறது. அதற்குத் தண்டுவடம் என்று பெயர்.

'நட' என்று மூளை இடும் கட்டளை அதன் வழியாகத்தான் காலுக்குப் போகிறது. 'முள் குத்திவிட்டது' என்று கால் சொல்லும் செய்தியும் அதன் வழியாகத்தான் மூளைக்கு வருகிறது. மடையிலிருந்து வயலுக்குப் போகும் வாய்க்காலை நடுவில் அடைத்துவிட்டால், கீழே உள்ள வயலுக்குத் தண்ணீர் போகுமா? தண்டுவடம் நசுங்கினால் அதே கதிதான். அடிபட்ட இடத்துக்குக் கீழே உடல் செயலற்றுப் போகிறது.

உடைந்த எலும்பு கூடிவிடும். கிழிந்த தோல் ஆறிவிடும். ஆனால் முற்றிலும் அறுந்த தண்டுவடத்தைப் பழையபடி ஒட்ட வைக்கும் வைத்தியம் இன்றைக்கும் கைவசமாகவில்லை.

நடக்க முடியாதது மட்டுமே துன்பம் அல்ல. உணர்ச்சி இல்லாததால், ஒரே பக்கமாகப் படுத்திருந்தாலும் வலி தெரியாது. தோல் நசுங்கிப் புண்ணாகும். அந்தப் படுக்கைப் புண் எலும்பு வரைக்கும் போகும். சிறுநீர் தானாகப் பிரியாமல் தேங்கும். அதில் கிருமி சேரும். முற்காலத்தில் இப்படி அடிபட்டவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டு காரணங்களால்தான் இறந்துபோனார்கள்.

இந்த நிலையை மாற்றியவர்களில் ஒருவர் லுட்விக் கட்மன் என்ற டாக்டர். ஜெர்மனியிலிருந்து அகதியாக வந்த யூதர் அவர். 1944-இல் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் என்ற ஊரில், போரில் முதுகெலும்பு முறிந்த சிப்பாய்களுக்காக ஒரு வார்டை நடத்தத் தொடங்கினார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கச் சொன்னார். பயிற்சி கொடுத்தார். 1948-இல் அவர்களுக்கு விளையாட்டுப் போட்டியே நடத்தினார். இன்றைய பாராலிம்பிக் போட்டிகளின் வேர் அதுதான்.

ஆனால் 1954-இல் நம் நாட்டில் இத்தகைய நோயாளிகளுக்கென்று தனித் துறை எங்கே இருந்தது?

"உட்கார்ந்து செய்யலாமே!"

மேரி பல மாதங்கள் படுக்கையில் கிடந்தார். தாமே டாக்டர் ஆனதால், தம் உடம்பின் கதி அவருக்குத் தெரியாமல் இல்லை. நடந்தே தீர வேண்டிய தொழில் டாக்டர் தொழில். வார்டு வார்டாகப் போக வேண்டும். பிரசவ அறையில் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். கால் இல்லாத டாக்டரால் யாருக்கு என்ன லாபம்?

அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர் டாக்டர் பால் பிராண்ட்.

பிராண்ட் வெள்ளைக்காரர்தான். ஆனால் பிறந்தது நம் கொல்லிமலையில், 1914-ஆம் ஆண்டில். 1946 முதல் வேலூரில் ரண சிகிச்சை டாக்டராக இருந்தார். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களைச் சரிசெய்யும் முறையைக் கண்டு, உலகம் முழுவதும் பெயர் பெற்றவர்.

தொழுநோய் விரல்களைத் தின்றுவிடுகிறது என்றுதான் ஜனங்கள் நினைத்திருந்தார்கள். அது தவறு. நோய் நரம்பைக் கெடுக்கிறது. உணர்ச்சி போய்விடுகிறது. சுட்டாலும் தெரியாது, வெட்டினாலும் தெரியாது. கவனிக்காத காயங்களால்தான் விரல்கள் தேய்கின்றன. நரம்பு கெட்டதால் சில தசைகள் வலுவிழக்க, விரல்கள் பருந்தின் நகம் போல் மடங்கிவிடுகின்றன. ஆனால் முழங்கைக்குக் கீழே நல்ல தசைகள் மிச்சம் இருக்கும். அந்தத் தசையின் நாணை எடுத்து விரலோடு இணைத்தால், மடங்கிய விரல் மறுபடி நிமிரும். இதுதான் பிராண்ட் செய்த சிகிச்சை.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. வயிற்றைக் கீறும் டாக்டர் நின்றுகொண்டு வேலை செய்ய வேண்டும். கையில் ரண சிகிச்சை செய்பவர் உட்கார்ந்துகொண்டுதான் செய்வார். நோயாளியின் கை ஒரு சிறிய மேஜைமேல் இருக்கும். டாக்டர் நாற்காலியில் அமர்ந்து, நகை வேலை செய்யும் பத்தரைப் போல நுணுக்கமாக வேலை செய்வார்.

உட்கார்ந்து செய்யும் வேலைதானே! அந்த நாற்காலிக்குச் சக்கரம் இருந்தால் என்ன?

இதைத்தான் பிராண்ட் மேரியிடம் எடுத்துச் சொன்னார். மேரி துணிந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே ரண சிகிச்சை கற்றார். தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்படுத்தினார்.

நினைத்துப் பாருங்கள். எல்லாரும் ஒதுக்கிய நோயாளி ஒருவர் சிகிச்சைக்கு வருகிறார். எதிரே அமர்ந்திருக்கும் டாக்டருக்கோ கால்கள் இல்லை என்றே சொல்ல வேண்டும். நடக்க முடியாதவர், பிடிக்க முடியாதவருக்குக் கை கொடுக்கிறார்!

கடல் கடந்த படிப்பு

மேரி அதோடு நின்றுவிடவில்லை. தமக்கே இன்னும் பயிற்சி தேவை என்று உணர்ந்தார். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக்குச் சென்றார். முதுகெலும்பு அடிபட்டவர்களுக்குச் சிறப்பான சிகிச்சை அங்கே கிடைத்தது. படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, தம் காரியங்களைத் தாமே பார்த்துக்கொள்வது என்று பலவற்றில் அங்கே தேர்ந்தார்.

பிறகு அமெரிக்காவில் நியூயார்க் நகரம். அங்கே ஹோவர்ட் ரஸ்க் என்ற டாக்டர் இருந்தார். இரண்டாம் உலகப் போரில் அங்கம் சேதமான வீரர்களை மறுபடி வேலை செய்ய வைத்தவர் அவர். 'உயிரைக் காப்பாற்றியதோடு டாக்டரின் கடமை முடிவதில்லை. பிழைத்தவனை வாழ வைக்க வேண்டும்' என்பது அவருடைய கொள்கை. அந்த வைத்தியத்துக்கு மறுவாழ்வு மருத்துவம் என்று பெயர். மேரி அவரிடம் அதைக் கற்றார்.

அமெரிக்காவிலேயே தங்கியிருந்தால், அவருக்குச் சௌகரியங்களுக்குக் குறைவில்லை. அங்கே பெரிய கட்டடங்களில் லிப்ட் உண்டு. சாலைகள் சமமானவை. இங்கேயோ எங்கு பார்த்தாலும் படிக்கட்டு. தெருவெல்லாம் மேடு பள்ளம். ஆனாலும் அவர் வேலூருக்கே திரும்பினார்.

1963-ஆம் ஆண்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமை ஏற்றார். நோயாளிகளைத் தங்க வைத்துப் பயிற்சி கொடுக்கும் துறையாக இந்தியாவில் முதலில் அமைந்தது அதுதான். 1966-இல், வேலூரை அடுத்த பாகாயத்தில், அதற்கென்று மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது.

பனை மரத்திலிருந்து விழுந்தவர், கிணற்றில் தவறி விழுந்தவர், லாரியில் அடிபட்டவர் என்று நம் நாட்டில் முதுகெலும்பு முறிவதற்கு வழிகள் பல. அப்படி வருகிறவர்களுக்குச் சக்கர நாற்காலியைத் தள்ளவும், கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கவும், ஊன்றுகோல் பிடித்து நிற்கவும் மறுவாழ்வு நிலையத்தில் கற்றுக் கொடுக்கிறார்கள். படுக்கைப் புண் வராமல் காப்பது எப்படி என்று வீட்டாருக்கும் சொல்லித் தருகிறார்கள். உட்கார்ந்து செய்யக்கூடிய தொழிலுக்கும் வழி காட்டுகிறார்கள்.

'நீ மறுபடி வேலை செய்யலாம்' என்று நல்ல காலுள்ள டாக்டர் சொன்னால், நோயாளிக்குச் சந்தேகம் வரலாம். சக்கர நாற்காலியில் வந்த டாக்டரே சொன்னால்? நம்பாமல் இருக்க முடியுமா!

அவருடைய கதையை டோரதி கிளார்க் வில்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர் ஒரு புத்தகமாக எழுதினார். 1963-இல் அது வெளிவந்தது. 1972-இல் இந்திய அரசு மேரி வர்கீசுக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. 1986-இல் அவர் காலமானார். அவர் ஏற்றி வைத்த விளக்கு இன்றும் எரிகிறது.

தூக்கினால் ஆபத்து!

இந்தக் கதையிலிருந்து, விடுமுறைக்கு வண்டி ஏறும் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

விபத்து யாருக்கும் வரலாம். வேன் கவிழ்ந்துதான் வர வேண்டும் என்பதில்லை. பாசி பிடித்த படித்துறையில் வழுக்கி விழலாம். ஆழம் தெரியாத ஆற்றில் பிள்ளைகள் தலைகீழாகக் குதிக்கலாம். காவிரியில் மேலே பார்த்தால் தண்ணீர் நிறைய இருப்பதுபோல் இருக்கும். அடியில் மணல் திட்டு இருக்கும். தலை மோதினால் கழுத்தெலும்பு முறியும். கழுத்தில் முறிந்தால் காலோடு கையும் போய்விடும்.

அடிபட்டவரைக் கண்டதும் நாம் செய்வது என்ன? ஒருவர் கையைப் பிடிக்கிறார். இன்னொருவர் காலைப் பிடிக்கிறார். மூட்டையைப் போலத் தூக்கி, கிடைத்த வண்டியில் திணிக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அதுவே கேடாக முடியலாம். முறிந்த எலும்பின் முனை, அதுவரை தப்பியிருந்த தண்டுவடத்தை நசுக்கிவிடும். நடந்திருக்க வேண்டியவர் நாற்காலிக்கு வந்துவிடுவார்.

கழுத்து வலிக்கிறது, முதுகு வலிக்கிறது, கால் மரத்துவிட்டது என்று அடிபட்டவர் சொன்னால், அவரை அசைக்கவே கூடாது. உட்கார வைக்கக் கூடாது. "எழுந்து நட பார்க்கலாம்" என்று சொல்லக் கூடாது. மயக்கமாக இருப்பவருக்குச் சோடாவோ தண்ணீரோ வாயில் ஊற்றக் கூடாது. மூச்சுக் குழாயில் போய்விடும்.

தலையின் இரு பக்கமும் கைகளை வைத்து, கழுத்து திரும்பாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றொருவர் 108-க்குப் போன் செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டு முதல் இயங்கும் இலவச ஆம்புலன்ஸ் அது. அதில் வருகிறவர்கள் இதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள்.

வண்டி தீப்பிடித்தாலோ, தண்ணீரில் கிடந்தாலோ, வேறு ஆபத்து நெருங்கினாலோ காத்திருக்க முடியாது. அப்போது நாலைந்து பேர் சேர்ந்து, தலை, முதுகு, இடுப்பு, கால் எல்லாம் ஒரே கோட்டில் இருக்கும்படி, மரக்கட்டையை உருட்டுவதுபோல் ஒன்றாகத் திருப்பி, ஒரு பலகைமேல் கிடத்தித் தூக்க வேண்டும். மூச்சு நின்றிருந்தால் மூச்சுதான் முதல் கவலை.

'உதவி செய்தால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமே!' என்று சிலர் ஒதுங்கிப் போகிறார்கள். அந்தப் பயம் இனி வேண்டாம். நல்லெண்ணத்துடன் உதவுகிறவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் உறுதி செய்தது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்திலும் அந்தப் பாதுகாப்பு இருக்கிறது.

பணத்தை நினைத்தும் தயங்க வேண்டியதில்லை. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக அளிக்கும் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. தனியார் ஆஸ்பத்திரிகளும் அதில் சேர்க்கப்பட்டன.

எல்லாவற்றுக்கும் மேலாக, விபத்து வராமல் காப்பதே சிறந்தது. இரவெல்லாம் கண் விழித்த டிரைவரை விடியற்காலையில் வண்டி ஓட்டச் சொல்லாதீர்கள். பத்துப் பேர் ஏற வேண்டிய வண்டியில் இருபது பேர் ஏறாதீர்கள். பின் சீட்டில் இருந்தாலும் பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள். முன்னே போகும் பஸ்ஸை முந்தச் சொல்லி டிரைவரை அவசரப்படுத்தாதீர்கள். கோயிலும் எங்கும் ஓடிவிடாது. கடலும் எங்கும் ஓடிவிடாது.

கதவைத் திறக்க வேண்டும்

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது.

ஒவ்வோர் ஊரிலும், ஏதோ ஒரு வீட்டுத் திண்ணையிலோ உள் அறையிலோ, விபத்தில் கால் இழந்த ஒருவர் படுத்திருக்கிறார். வேளைக்குச் சாப்பாடு கொடுக்கிறார்கள். அன்பாகவும் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் குடும்பம் வேன் ஏறும்போது அவர் மட்டும் வீட்டில் தங்கிவிடுகிறார். "அவனை எப்படி அழைத்துப் போவது?" என்பது கேள்வி.

மேரி வர்கீஸ் கடல் கடந்து போய் வந்தார், சக்கர நாற்காலியிலேயே! வாசற்படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம் கட்ட எவ்வளவு செலவாகும்? குளியலறைக் கதவை நாற்காலி நுழையும்படி அகலமாக்க எத்தனை நாள் ஆகும்? பொதுக் கட்டடங்களில் இந்த வசதி இருக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. வீட்டில் செய்யச் சட்டம் வேண்டுமா? மனம் இருந்தால் போதாதா?

சுவாமிமலையில் பொழுது சாய்கிறது. சிற்பக் கூடத்தைப் பார்த்துவிட்டுக் குடும்பங்கள் வேன் ஏறுகின்றன. பிள்ளைகள் ஜன்னல் ஓரத்துக்குச் சண்டை போடுகிறார்கள். பாட்டி தலைகளை எண்ணிப் பார்க்கிறார்.

அந்த எண்ணிக்கையில், நடக்க முடியாத பிள்ளையும் சேரட்டும்!